ஆடியில் ஓடும் ஓடை: திருகோணமலையில் உங்கள் வீட்டருகே உள்ள ஓடையின் நலத்தை நீங்களே அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் திருகோணமலை நகர்ப்பக்கம் ஏதாவது ஒரு சிறு மதகின் மேல் நின்று கீழே பாருங்கள். மழை கண்டு வாரக்கணக்காகியிருக்கும். வேலியோரப் புல் காய்ந்து வைக்கோலாகக் கிடக்கும். ஆனால் மதகின் கீழே கணுக்கால் அளவுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். பார்க்க நல்லதாகத்தான் தெரியும். "கோடையிலும் வற்றாத ஓடை" என்று பெருமையாகச் சொல்லவும் தோன்றும்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஆச்சி ஒருவர்தான் என் எண்ணத்தை மாற்றினார். "தம்பி, முந்தி ஆடியில இதுக்குள்ளதானே பொடியன்கள் பந்தடிக்கிறவங்கள். தண்ணி எங்க இருந்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடப் போனதில்தான் இந்த வழிகாட்டி உருவானது.

திருகோணமலை வறண்ட வலயத்தில் இருக்கிறது. நமக்கு வரும் மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரையான மாரியில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே இங்குள்ள சிறு ஓடைகளில் பெரும்பாலானவை பருவ ஓடைகள். மாரியில் ஓடி, பங்குனி சித்திரையில் மடுக்களாகத் துண்டுபட்டு, ஆடி ஆவணியில் மணல் தெரியக் கிடப்பதுதான் அவற்றின் இயல்பு. அப்படிக் கிடப்பதைச் சாவு என்று எண்ண வேண்டாம், அது ஓய்வு. நத்தை தன் மூடியைச் சாத்திக்கொண்டு மண்ணுக்குள் புதைந்திருக்கும். விராலும் குறவையும் காற்றையே சுவாசிக்கக் கூடியவை என்பதால், மிஞ்சிய மடுவிலும் ஈரச்சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். சில சிறு நீருயிர்களின் முட்டைகள் காய்ந்த மண்ணிலேயே கிடந்து, முதல் மழைக்குப் பொரிக்கும்.

அப்படியானால் ஆடியில் ஓடும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நகரத்துக் குழாய்களில் வருவது கந்தளாய்ப் பக்கத்து நீர். அது நம் குளியலறைகளையும் சமையலறைகளையும் கடந்து, வீதியோரக் கானில் விழுந்து, கான் ஓடையில் விழுகிறது. நாம் பார்க்கும் "வற்றாத ஓடை" பெரும்பாலும் நாம் குளித்த தண்ணீர்தான். நகரம் பெருகினால் நிலத்தடி நீர் குறைந்து ஓடைகள் வற்றும் என்றுதான் மழை நாடுகளின் பாடப்புத்தகங்கள் சொல்லும். நமது நிலையில் அதற்கு நேர்மாறும் நடக்கும். ஓய்வெடுக்க வேண்டிய ஓடையை நாம் ஆண்டு முழுக்க விழித்திருக்க வைத்துவிட்டோம்.

தொடங்கும் முன்: பாதுகாப்பு

இதை மட்டும் தட்டிக் கழிக்க வேண்டாம். தேங்கிய நீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், கையுறை இரண்டும் கட்டாயம். காலில் புண் இருந்தால் இறங்கவே கூடாது. களப்புப் பக்கமும் குளப் பக்கமும் முதலை உண்டு, ஆகவே ஊர்க்காரரிடம் கேட்காமல் கரையில் குந்தியிருக்க வேண்டாம். வெள்ளம் ஓடும்போது கரையில் நின்று அளக்கலாம், இறங்கக் கூடாது. தனியாகவும் போகாதீர்கள்.

பொருட்கள் அதிகம் தேவையில்லை. ஒரு கொப்பி, அளவு நாடா, வெப்பமானி, வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு, தேநீர் வடி அல்லது சிறு வலை, மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் அமோனியா, ஒட்சிசன் சோதனைப் பெட்டிகள், கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதாக்கதிர் டோர்ச் ஒன்று, கொஞ்சம் பஞ்சு, ஒரு தோடம்பழம். தோடம்பழம் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

படி 1: ஊர்ப் பெயர்களைப் படியுங்கள், பிறகு வரைபடத்தைப் பாருங்கள்

நம் முன்னோர் நிலத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். உப்புவெளி, பாலையூற்று, ஆண்டான்குளம், மட்டிக்களி. ஊற்று, குளம், களி, உப்பு என்று எல்லாப் பெயரிலும் நீர் இருக்கிறது. உங்கள் பகுதியின் பழைய பெயரையும் ஒழுங்கைகளின் வழக்குப் பெயர்களையும் வயதானவர்களிடம் கேட்டு எழுதுங்கள். "பள்ளம்", "மடு", "ஓடைக்கரை" என்று ஒரு பெயர் வந்தால், அங்கே நீர் நின்றிருக்கிறது அல்லது ஓடியிருக்கிறது என்று பொருள்.

அதன் பிறகு நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடத்தையும் கூகுள் ஏர்த்தின் பழைய படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூகுள் ஏர்த்தில் ஆண்டுகளைப் பின்னோக்கி நகர்த்தலாம். பச்சை வளைகோடாக இருந்த ஓடை எந்த ஆண்டில் நேர்கோடாக மாறியது, எந்த மடு வீட்டுக் காணியானது என்று கண்ணாலேயே தெரியும். எந்தெந்த நிலத்தின் மழைநீர் உங்கள் ஓடைக்கு வருகிறதோ அதைக் கோடிட்டு அடையுங்கள். அதுதான் உங்கள் நீரேந்து பரப்பு. இனி நீங்கள் பார்க்க வேண்டியது அந்தக் கோட்டுக்குள் இருப்பதைத்தான்.

படி 2: ஆடி நடை

ஆண்டு முழுவதிலும் முக்கியமான நாள் இதுதான். மழையே இல்லாத ஒரு காலையில், ஓடை கடலில் சேரும் கடல்முனையிலிருந்து மேல்நோக்கி அதன் வழியே நடந்து வாருங்கள். தண்ணீர் எந்த இடத்தில் தொடங்குகிறது? அதற்கு மேலே மணல் காய்ந்திருந்து, ஒரு குழாய்க்குக் கீழே மட்டும் ஈரமாக இருந்தால், விடை உங்கள் கண்முன்னே இருக்கிறது. ஒவ்வொரு குழாய்க்கும் ஓர் எண் கொடுங்கள். படம் எடுங்கள், நேரம் குறியுங்கள். காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் நீர் கூடி, நண்பகலில் குறைந்தால் அது வீட்டுக் கழிவுநீரின் நடை. ஊற்று நேரம் பார்த்துக் கூடிக் குறையாது.

அவசரப்பட்டு முடிவு செய்யவும் கூடாது. இயற்கை ஊற்று இருக்கலாம். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் என்றால் கோடையில் செய்யும் சிறுபோகத்து வயல்நீர் கசிந்து வரலாம். பிரித்து அறிய மலிவான வழி ஒன்று உண்டு. சலவைத்தூளில் துணியை வெள்ளையாகக் காட்டும் ஒரு சாயப்பொருள் இருக்கிறது. அது பஞ்சில் ஒட்டிக்கொள்ளும், புற ஊதாக்கதிரில் நீலவெள்ளையாக ஒளிரும். மருந்துக்கடைப் பஞ்சை முதலில் இருட்டில் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒளிரக் கூடாது. அதை வெங்காயப் பை வலையில் சுற்றிக் கல்லில் கட்டி, ஓடையில் நாலைந்து நாள் போட்டு வையுங்கள். எடுத்து மெதுவாக அலசி, நிழலில் உலர்த்தி, ஓடையில் போடாத பஞ்சுத்துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இருட்டறையில் மறுபடி டோர்ச் அடியுங்கள். நான் முதன்முதலாகச் செய்தபோது குழாய்க்கு மேலே போட்ட பஞ்சு இருட்டோடு இருட்டாகக் கிடந்தது. கீழே போட்ட பஞ்சு கல்யாணவீட்டு வேட்டிபோல் ஒளிர்ந்தது. அதைப் பார்த்த பிறகு யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மினுங்குகிறதா? உடனே கராஜைக் குறை சொல்லிவிட வேண்டாம். ஒரு குச்சியால் குத்துங்கள். படலம் கண்ணாடித் துண்டுபோல் உடைந்து பிரிந்தே நின்றால் அது இரும்பு தின்னும் பக்ரீரியா, இயற்கையானது. குச்சியை எடுத்ததும் மீண்டும் கூடிக்கொண்டால் அது எண்ணெய். கற்களின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல வழுவழுப்பு படிந்திருந்தால் மலக்குழி நீர் கலக்கிறது என்று சந்தேகிக்கலாம். அமோனியாச் சோதனை அங்கேதான் தேவை. அமோனியா கூடியிருந்தால் கழிவு அண்மையில் வந்தது என்று அர்த்தம்.

ஒட்சிசனை விடியற்காலையில் அளவிடுங்கள். பகலில் பாசி ஒட்சிசன் விடும், அதனால் பிற்பகல் அளவு ஓடையை ஆரோக்கியமாகக் காட்டிவிடும். 30 பாகை வெப்பத்தில் நன்னீர் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 7.6 மில்லிகிராம் ஒட்சிசனைத்தான் வைத்திருக்கும், 20 பாகையில் 9 வரை வைத்திருக்கும். மரத்தை வெட்டிக் கரைக்குச் சீமெந்து பூசினால் நீர் சூடாகும். சூடான நீரில் மூச்சுக்காற்று குறையும். 5க்குக் கீழே போனால் பல மீன்கள் திணறத் தொடங்கும், 2க்குக் கீழே காற்றைச் சுவாசிக்கக் கூடியவையும் சேற்றுப் புழுக்களும்தான் மிஞ்சும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். உப்புவெளி, நிலாவெளிக் கரைக்குச் சுற்றுலாப் பயணிகள் வருவது பெரும்பாலும் சித்திரை வைகாசி முதல் புரட்டாதி வரை. விடுதிகளில் தண்ணீர்ச் செலவு கூடும் காலமும், கழிவைக் கரைத்துப் போக மழையே இல்லாத காலமும் ஒன்றாகவே வருகின்றன. ஓடைக்கு அதைவிடக் கடினமான காலம் இல்லை.

படி 3: கடினப் பரப்பைக் கணக்கிடுங்கள்

ஒரு சதுர மீற்றரில் 1 மி.மீ. மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். 10 பேர்ச் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அதை முழுக்கக் கூரையும் கொங்கிரீட் முற்றமுமாக மூடிவிட்டால், 50 மி.மீ. மழைக்கு 12,650 லீற்றர் வெளியே போகும். 1,000 லீற்றர்த் தாங்கி பன்னிரண்டுக்கு மேல், ஒரே வளவிலிருந்து. முன்பு அதில் பெரும்பகுதியை மணல் குடித்துக்கொண்டது.

நீரேந்து பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மூடப்பட்டதுமே ஓடை உயிர்கள் குறையத் தொடங்குவதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் எவ்வளவு மூடினோம் என்பதைவிட அது எதோடு இணைந்திருக்கிறது என்பது முக்கியம் என்று நான் நினைக்கிறேன். கூரைநீர் தென்னம்பாத்தியில் விழுந்தால் அந்தக் கூரையால் ஓடைக்குப் பெரிய கேடு இல்லை. அதே நீர் குழாய் வழியாகக் கானில் விழுந்தால்தான் கேடு. ஆகவே உங்கள் வரைபடத்தில் இரண்டு நிறம் பூசுங்கள்: கானோடு இணைந்த கூரைகள் ஒரு நிறம், மண்ணில் விடும் கூரைகள் இன்னொரு நிறம்.

படி 4: முதல் மழை

கோடை முழுவதும் வீதியில் படிந்த தூசு, டயர்த் துகள், எண்ணெய், சாணம் எல்லாம் முதல் பெருமழையின் ஆரம்ப நிமிடங்களில் கழுவி வரும். ஒரே அளவான சோடாப் போத்தல்களில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீர் பிடித்து வரிசையாக வையுங்கள். முதல் போத்தல் தேநீர்போல் இருக்கும், ஆறாவது ஓரளவு தெளிந்திருக்கும். இந்த வரிசையின் படம் ஒன்று பத்துப் பக்க அறிக்கைக்குச் சமம்.

படி 5: மாரி வெள்ளம்

மதகுச் சுவரில் வண்ணத்தால் 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மழை தொடங்கிய நேரத்தையும், நீர் எந்தக் கோட்டை எப்போது தொட்டது, எப்போது இறங்கியது என்பதையும் கால்மணிக்கு ஒருமுறை குறியுங்கள். காட்டோடை மெதுவாக ஏறி, நாள்கணக்கில் இறங்கும். நகர ஓடை சட்டென்று ஏறும், மழை விட்டதும் சட்டென்று வடியும்.

இப்போது தோடம்பழம். அது நீரில் முக்கால்வாசி அமிழ்ந்து மிதக்கும், காற்று அதைத் தள்ளாது. கரையில் 10 மீற்றர் அளந்து, மேலே பழத்தைப் போட்டு நேரம் பாருங்கள். 20 வினாடி என்றால் மேல்மட்ட வேகம் வினாடிக்கு அரை மீற்றர். அடியில் வேகம் குறைவு, ஆகவே 0.85ஆல் பெருக்குங்கள். ஓடை 2 மீற்றர் அகலம், சராசரி ஆழம் 0.3 மீற்றர் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 255 லீற்றர் போகிறது. ஆழத்தை வெள்ளத்துக்குள் இறங்கி அளக்க வேண்டாம், மதகுக் கோட்டிலிருந்து எடுக்கலாம்.

வெள்ளம் வடிந்ததும் கரையைப் பாருங்கள். வேர்கள் அந்தரத்தில் தொங்கினால், கரை செங்குத்தாக அறுந்திருந்தால், ஓடை தனக்குப் பொருந்தாத வெள்ளத்தைச் சுமக்கிறது. மதகின் கீழ்ப்பக்கத்தை மறக்காதீர்கள். எங்கள் வீதியை அகலப்படுத்தியபோது புதுக் குழாய் போட்டார்கள். அதன் வாய் ஓடைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் நிற்கிறது. அந்த மாரியில் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். விரல் நீள மீன்கள் வெள்ளத்தை எதிர்த்து ஏறி வந்து, கொங்கிரீட் விளிம்பில் மோதி, மோதி, கீழே விழுந்துகொண்டிருந்தன. மேலே இனப்பெருக்கத்துக்கு ஏற்ற புல்வெளித் தேக்கம் இன்னும் இருக்கிறது. போவதற்குத்தான் வழியில்லை. குழாயை ஒரு முழம் தாழ்த்திப் பதித்திருந்தால் போதும். அந்த ஒன்றரை அடியை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் பொறுக்கவில்லை.

படி 6: உயிர்களை எண்ணுங்கள்

மாரி தணிந்து நீர் தெளியும் தை, மாசி இதற்கு ஏற்ற காலம். இரசாயனச் சோதனை அந்த நிமிடத்தைச் சொல்லும், உயிர்கள் கடந்த சில மாதங்களைச் சொல்லும். மூன்று இடம் தெரிவு செய்யுங்கள்: குடியிருப்புக்கு மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. ஒவ்வொன்றிலும் கால்மணி நேரம் கல்லைப் புரட்டி, இலைக்குப்பையைக் கலக்கி, புல்வேரை வலையில் உதறி, வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். ஒரு நிமிடம் பொறுமையாக இருங்கள். குப்பை அசையத் தொடங்கும்.

வாலில் மூன்று மயிரும் வயிற்றோரத்தில் செவுள்களும் உள்ள மெல்லிய பூச்சிக்குஞ்சு, மணலையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு ஊரும் புழு, இரண்டும் நல்ல சகுனம். அவை கழிவைத் தாங்காது. தும்பிக் குஞ்சு, சிற்றிறால், நீரின் மேல் ஓடும் பூச்சி எல்லாம் நடுத்தரம். இரத்தச் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் அங்கே ஒட்சிசன் குறைவு. அதன் சிவப்பே, நம் இரத்தத்தைப்போல ஒட்சிசனைப் பிடித்து வைக்கும் பொருளால் வருவது. வாலைக் குழாய்போல் நீட்டி மேலே மூச்சு வாங்கும் வெண்புழு இருந்தால் நிலைமை மிக மோசம்.

மீனில் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், வகையைப் பாருங்கள். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும், நுளம்பை ஒழிக்க விடப்பட்ட கப்பியும் மட்டும் நிறைந்திருந்தால், நாட்டு மீன் போய்விட்டது. இங்கேதான் ஆடி நீர் செய்யும் கெடுதல் முழுதாகத் தெரியும். காய்தலைத் தாங்கும் நம்மூர் உயிர்களுக்கு இருந்த ஒரே அனுகூலத்தை, ஆண்டு முழுக்க ஓடும் கழிவுநீர் பறித்துவிடுகிறது. காய்தலைத் தாங்காத, அழுக்கைத் தாங்கும் வந்தேறிகள் இடம்பிடித்துக்கொள்கின்றன.

வெளிநாட்டு மதிப்பெண் அட்டவணைகளை அப்படியே போட வேண்டாம். அவை கல்லோடைக்கும் வற்றாத ஆற்றுக்கும் எழுதப்பட்டவை. உங்கள் மேல் இடத்தோடு கீழ் இடத்தை ஒப்பிடுங்கள், அது போதும்.

படி 7: கடல்முனை

கோடையில் கடல் மணலைத் தள்ளி ஓடையின் வாயை மூடும், மாரி வெள்ளம் உடைக்கும். இது இயல்பு. மூடிய முனையில் கழிவு தேங்கிப் பச்சைக் குழம்பாகி, யாரோ வெட்டிவிட ஒரேயடியாகக் கடலில் சேர்வது இயல்பு அல்ல. கண்டல் இருந்தால் எண்ணிக் குறித்து வையுங்கள்.

படி 8: செய்ய வேண்டியவை

முதலில் உங்கள் வளவு. குளியல் நீர் மண்ணில் ஊறி இறங்க ஊறுகுழி வெட்டுங்கள். உப்புவெளிப் பக்கத்து மணலில் அது நன்றாக வேலை செய்யும், களிமண்ணில் தேங்கும், அங்கே வாழைப்பாத்தி நல்லது. மணல் நீரை வேகமாகக் கடத்தும் என்பதால் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடியாவது விடுங்கள். கூரைநீரைக் கானிலிருந்து விடுவியுங்கள்.

அப்புறம் உள்ளூராட்சி சபை. மாரிக்கு முன் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்து ஓடையைத் துப்பரவு செய்யும். வழக்கமாக இரு கரையையும் வழித்து, மடுவை நிரவி, தரையைப் பலகைபோலச் சமமாக்கிவிட்டுப் போகும். வெள்ளம் வடிய அது தேவையில்லை. அடைக்கும் பொலித்தீனையும் ஆற்றுவாழையையும் எடுத்தால் போதும். முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்: ஒரு கரையை மட்டும் தொடுங்கள், மடுக்களை விடுங்கள், மருதும் தாழையும் புங்கும் நிற்கட்டும். வாகனச் சேவை நிலையங்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமப்பத்திரம் தேவை. ஓடையில் எண்ணெய் கண்டால் படத்துடன் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு எழுதலாம். புதுக் கான் வரப்போகிறது என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரைபடத்தைக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். குழாயின் வாய் ஓடைத் தரைக்குக் கீழே பதிகிறதா என்பதை அந்த வரைபடத்தில் முதலில் பாருங்கள். போட்ட பிறகு மாற்ற மாட்டார்கள்.

அயலவரிடம் பேசும்போது குற்றஞ்சாட்ட வேண்டாம். எங்கள் ஓடையில் நான் எண் 4 என்று குறித்த குழாய்க்காரரிடம் பஞ்சைக் கொண்டுபோய், "அண்ணை, இதை ஒருக்கால் இருட்டில பாருங்கோ" என்று மட்டும்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். அடுத்த கிழமை இருவருமாக ஊறுகுழி வெட்டினோம். சென்ற ஆடியில் அந்த இடத்துக்குக் கீழே முப்பது அடி நீளத்துக்கு மணல் காய்ந்து கிடந்தது, நத்தை ஊர்ந்த கோடுகளோடு. அதற்குக் கீழே மறுபடி ஈரம் தொடங்குகிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.